எல்சி என்கிற எலிசபெத்தும் என் ஆட்சேபணையும்

தாம்பரத்தில் ஒரு கிறிஸ்தவக் கோயிலின் நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியின் கூட்டக் குறிப்பில், 1971 பிப்ரவரிக்குரிய பக்கத்தில், இப்படி ஒரு பதிவு இருக்கிறது: "மணமகன் தமது திருமணத்துக்குத் தாமே தெரிவித்த ஆட்சேபணையைத் தாமே மறுத்துப் பேசி, தாமே வாபஸ் பெற்றார். கமிட்டி ஏற்றுக்கொண்டது. தேநீர் வழங்கப்பட்டது."

அந்த மணமகன் நான்தான். குறிப்பில் பிழை எதுவும் இல்லை, தேநீர் உட்பட.

எதையும் சரியாகப் பதிவு செய்துவிட வேண்டும் என்று துடிக்கிறவனால் உலகத்துக்கு ஏதாவது நன்மை இருக்கலாம். அவனோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இல்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் தந்தி அலுவலகத்தில் குமாஸ்தா. அஸ்தினாபுரத்தில் அண்ணன் வீட்டில் வாசம். என் சித்தப்பாவின் அடக்க ஆராதனையில் அவர் பிறந்த வருஷத்தை ஆயர் தவறாகச் சொன்னபோது, பின் வரிசையிலிருந்து உரக்கத் திருத்தியவன் நான். (சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. சித்திதான் வெகுநாள் என்னோடு பேசவில்லை.)

எனக்குப் பெண் அமைந்தது 1970 டிசம்பரில். கிழக்குத் தாம்பரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, பெயர் எல்சி. அப்பா அருள்தாஸ், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததா என்று பார்ப்பதற்குக்கூட வாசலில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையசைப்பார்.

நிச்சயதார்த்தத்தன்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "எல்சின்னு கூப்பிடுறது மாப்பிள்ளை. ஞானஸ்நானப் பேரு எலிசபெத்."

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் தலையாட்டிவிட்டு கேசரியைப் பார்த்திருப்பான். நான் அன்றிரவே குறித்துவைத்தேன். நிச்சயத்துக்குப் பிறகு கல்யாணம்வரை பெண்ணைப் பார்க்கவோ பேசவோ அந்த வீட்டில் அனுமதி கிடையாது. ஆகவே பெண்ணின் பெயரோடு பழக ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் மின்சார ரயிலேறி நூலகத்துக்குப் போய், கிடைத்த அகராதிகளையெல்லாம் புரட்டினேன். மற்றவர்கள் காதலிக்குக் கவிதை எழுதிய காலத்தில் நான் வேர்ச்சொல் தேடினேன்.

அது சாதாரணப் பெயரா என்ன. எபிரெயத்தில் எலிஷேபா என்று புறப்படுகிறது. 'கடவுளே என் ஆணை' என்று ஒரு சாரார் பொருள் சொல்கிறார்கள். 'கடவுளே என் நிறைவு' என்று இன்னொரு சாரார். கிரேக்கத்திலும் லத்தீனிலும் தங்கி, ஐரோப்பா முழுவதும் சிதறுகிறது. ருஷ்யாவில் யெலிசவேத்தா. ஜெர்மனியில் எல்சா, இல்சே, லீசல். பிரான்சில் பாபெத். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அடையாளமே தெரியாமல் இசபெல். அந்த இசபெல்தான் கப்பலேறி நம் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களில் இசபெல்லம்மாள் ஆனது. நம்முடைய புராட்டஸ்டண்டு வீடுகளிலோ எலிசபெத்தம்மாள். இங்கிலாந்தில் அந்தப் பெயரைத் துண்டு துண்டாக நறுக்கி லிசி, பெஸ், பெட்டி, பெட்சி என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தில் எல்ஸ்பெத் என்றார்கள். அந்த எல்ஸ்பெத்தின் செல்லப் பெயர்தான் எல்சி.

அதைக் கண்டுபிடித்த சனிக்கிழமை நான் ரயிலில் இறங்க வேண்டிய இடத்தை மறந்து, தாம்பரத்தையும் தாண்டி வண்டலூருக்குப் போய் இறங்கினேன்.

இனி ஓலை. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, அதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று ஆயர் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த இடைவெளியில் சபையார் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். பிறகு அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவார். கேள்வி கேட்கப்படும், பதில் யாரும் சொல்வதில்லை. சிறு வயதிலிருந்தே இது எனக்கு உறுத்தல்தான்.

முதல் ஓலையன்று எனக்கு அலுவலகத்தில் ஞாயிறு முறை. இரண்டாவது ஓலைக்கு, எல்சியைத் தூரத்திலிருந்தாவது பார்க்கலாம் என்று, அண்ணனை இழுத்துக்கொண்டு தாம்பரம் கோயிலுக்குப் போனேன். ஆண்கள் பக்கம் நாலாவது பெஞ்சு. பெண்கள் பக்கத்தில் எல்சி நீலப் புடவையில் இருந்தாள். அதோடு நான் திருப்தி அடைந்து வீட்டுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆயர் வாசித்தார்: "அஸ்தினாபுரம் ஞானமுத்துவுக்கும், இந்தச் சபையைச் சேர்ந்த அருள்தாஸ் அவர்களின் குமாரத்தி எல்சிக்கும்…"

எனக்குச் சுரீர் என்றது. கோயில் பதிவேட்டில் செல்லப் பெயரா? நூறு வருஷம் கழித்து என்னைப்போல ஒருவன் வந்து தேடினால், ஞானஸ்நானம் பெற்ற எலிசபெத் ஒருத்தி, கல்யாணமான எல்சி ஒருத்தி என்று இரண்டு பேராக எண்ணிவிட மாட்டானா? இன்னும் பிறக்காத அந்த ஆராய்ச்சியாளன்மேல் எனக்கு இரக்கம் பொங்கியது.

ஆயர் தடை பற்றிய கேள்வியைக் கேட்டார். நிறுத்தினார். சபையார் செருமினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, ஒரு ஆட்சேபணை."

'திருத்தம்' என்று சொல்லியிருக்கலாம். 'விண்ணப்பம்' என்றும் சொல்லியிருக்கலாம். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

"உக்காருடா," என்றார் அண்ணன், உதடு அசையாமல். "எல்லாரும் பாக்குறாங்க. உக்காரு."

ஆயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க யாரு தம்பி?"

"மணமகன்."

பெண்கள் பக்கத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். ஆயர் ஓலையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பெயர் என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தினார். "இங்க பேசக் கூடாது. ஆட்சேபணை வந்தா ஓலையை நிறுத்தி விசாரிக்கணும். அதுதான் முறை. புதன்கிழமை சாயங்காலம் கமிட்டிக்கு வாங்க."

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அருள்தாஸ் வாசற்படியில் நின்றிருந்தார். அதுவரை மாப்பிள்ளை என்றவர், "மிஸ்டர் ஞானமுத்து," என்றார். "முப்பது வருஷம் சர்வீஸ் போட்டிருக்கேன். பாசஞ்சர் செயினப் புடிச்சு இழுத்துப் பாத்திருக்கேன். டிரைவரே இறங்கி வந்து இழுத்து இப்பதான் பாக்குறேன்."

"பெயரில் ஒரு சின்ன…"

"கமிட்டில சொல்லுங்க," என்று போய்விட்டார். எல்சி என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் காலை தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் செய்த காரியத்தின் அளவு எனக்கே தெரிந்தது. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டியபடி கேட்டார்: "இன்னா சார், டீச்சரம்மாவ வோணாம்னுட்டியாமே? கோயில்லயே எயுந்து சொன்னியாமே?"

"வேண்டாம் என்று சொல்லவில்லையே."

"அப்ப இன்னா மேட்டரு? அந்தப் பொண்ணாண்ட இன்னா கொறை கண்ட? நல்ல பொண்ணாச்சே சார். ஊரே பேசிக்கினு கீது."

ஊர் பேசியது என்னைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி. கல்யாணம் பேசி முடித்த மாப்பிள்ளையே சபை நடுவில் ஆட்சேபணை சொல்கிறான் என்றால் அவனுக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியைகள் அவளிடம் அளவுக்கு மீறி அன்பாகப் பேசினார்களாம். தலைமை ஆசிரியை, வேண்டுமானால் லீவு எடுத்துக்கொள் என்றாராம். இதையெல்லாம் அண்ணி விசாரித்து வந்து சொல்லிவிட்டு, "உங்க அகராதில இதுக்கு என்ன அர்த்தம் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

இதோடு காலக் கெடுவும் சேர்ந்துகொண்டது. சாம்பல் புதனுக்கு முந்தின திங்கட்கிழமை கல்யாணம். அதற்குப் பிறகு லெந்து நாட்கள், அதாவது தவக்காலம். ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் நடத்த மாட்டார்கள். ஓலையை முதலிலிருந்து வாசிக்க நேர்ந்தால் லெந்து குறுக்கே வந்துவிடும். அருள்தாஸ் என் அண்ணனிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஈஸ்டர் வரைக்கும் எம்பொண்ணை இந்தப் பேச்சோட வீட்ல வச்சிருக்க மாட்டேன். அந்தத் திங்கக்கிழமை நடக்கலேன்னா இந்தச் சம்பந்தம் இல்ல."

புதன்கிழமை சாயங்காலம் கோயிலை ஒட்டிய அறையில் கமிட்டி கூடியது. ஆயர் நடுவில். செயலர் ஜேம்ஸ் சார் பேனாவோடு பக்கத்தில். அருள்தாஸ் எதிரே. எல்சி கதவோரம், அக்காவோடு. வெளியே ஜி.எஸ்.டி. சாலையில் தேர்தல் ஜீப்புகள் ஒலிபெருக்கியோடு போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடந்து போகும்வரை விசாரணை நின்று நின்று நடந்தது.

நான் கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். பதிவின் தூய்மை, வருங்கால ஆராய்ச்சியாளன், எல்லாம் சொன்னேன். "ஆகவே, எல்சி என்பதை நீக்கி, 'அருள்தாஸ் குமாரத்தி எலிசபெத்' என்று வாசிக்க வேண்டும். என் ஆட்சேபணை அவ்வளவுதான்."

ஜேம்ஸ் சார் பேனாவைக் கீழே வைத்தார். "அருள்தாஸ் குமாரத்தி எலிசபெத்துக்குக் கல்யாணம் ஆயிடுச்சே."

"யாருக்கு?"

"அருள்தாஸ் குமாரத்தி எலிசபெத்துக்கு. இந்தக் கோயில்லதான். மூணு வருஷம் ஆச்சு. வண்டலூர்ல இருக்காங்க. ஒரு பையன்." கதவோரம் கையைக் காட்டினார். எல்சியின் அக்கா லிசி, மடியில் பையனோடு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அருள்தாஸ் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எம் பொண்ணுங்க மூணு பேருக்கும் ஞானஸ்நானப் பேரு எலிசபெத்துதான். பெரியவ லிசி, நடுவுல எல்சி, சின்னவ பெட்சி. மூணும் சிக்கலான பிரசவம். மிஷன் ஆஸ்பத்திரில வெள்ளைக்கார டாக்டரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. மூணு தரமும் தாயையும் பிள்ளையையும் காப்பாத்திக் கொடுத்தாங்க. பேரு எலிசபெத்து. மூணு பொண்ணுக்கும் அந்தப் பேரையே வச்சேன்."

"ஒரு பெண்ணுக்கு வைத்தால் போதாதா?" என்று கேட்டேன்.

"அப்ப மத்த ரெண்டு தரம் காப்பாத்துனதுக்கு?"

இதற்கு எந்த அகராதியிலும் பதில் இல்லை. மற்ற இரண்டு பெண்களின் ஞானஸ்நானப் பெயரை நான் விசாரித்ததே கிடையாது. வருங்கால மச்சினியின் பெயரையெல்லாம் துருவிக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று நாகரிகமாக விட்டுவிட்டேன். என் ஆராய்ச்சி வாழ்க்கையில் நான் நாகரிகம் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"லிசி கல்யாணத்துக்கு எலிசபெத்துன்னு ஓலை வாசிச்சாச்சு," என்றார் ஆயர். "திரும்பவும் அதே அப்பா பேரோட அதே பேரை வாசிச்சா, கல்யாணமானவளுக்கு இன்னொரு கல்யாணமான்னு கேக்க மாட்டாங்களா? அதான் நானும் கார்டு சாரும் உக்காந்து யோசிச்சு எல்சின்னு போட்டோம். சபை நடுவுல ஆட்சேபணை சொல்லிட்டு, இப்ப எல்சி அவ பேரே இல்லன்னு சொல்றீங்க. அது நிஜம்னா ரெண்டு ஓலையும் செல்லாது. முதல்லேருந்து வாசிக்கணும்."

முதலிலிருந்து என்றால் லெந்து. லெந்து என்றால் சம்பந்தம் போச்சு. அறையில் எல்லாருக்கும் அது தெரியும்.

அப்போது எல்சி எழுந்தாள். "ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? அவருக்கு ஆட்சேபணை எம் பேரு மேலயா, எம் மேலயா? அத மட்டும் கேட்டு எழுதிக்கங்க."

இரண்டின்மேலும் இல்லை என்பதுதான் விடை. மூளையுள்ள எவனும் அதைச் சொல்லியிருப்பான். நான் சொன்னது: "பெயரின்மேல்தான். அதுவும் அந்தப் பெயரின் ஸ்காட்லாந்துக் கிளையின்மேல்."

"அப்ப ஸ்காட்லாந்துலயே போய்ப் பொண்ணு பாக்கச் சொல்லுங்க ஐயா," என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம்போலத்தான் இருந்தது. ஆனால் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அந்த நிமிஷத்தில்தான், வருங்கால ஆராய்ச்சியாளன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று தோன்றியது. என் வாதத்தை உடைக்க வேண்டும். உடைக்கத் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.

"ஐயா," என்று எழுந்தேன். "ஆட்சேபணை சொன்னவர் ஒரு முட்டாள். அவருக்கு நான் பதில் சொல்ல அனுமதி வேண்டும்."

ஆயர் செயலரைப் பார்த்தார். செயலர் தோளைக் குலுக்கினார். நான் ஆரம்பித்தேன். எபிரெயத்திலிருந்து புறப்பட்டேன். ஆணையா நிறைவா என்ற இடத்தில் ஆயரே குறுக்கிட்டார். இறையியல் கல்லூரியில் எபிரெயம் படித்தவராம். ஆணைதான் என்றார். நிறைவுக்கும் இடமுண்டு என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் தடம்புரண்டோம்.

"சிக்னல் விழுமா விழாதா?" என்றார் அருள்தாஸ்.

நான் ஜேம்ஸ் சார் பக்கம் திரும்பினேன். "சார், உங்கள் அண்ணன் பெயர் யாக்கோபு அல்லவா?"

"ஆமா."

"ஜேம்ஸ் என்பதும் யாக்கோபு என்பதும் ஒரே பெயர். ஒரே எபிரெய வேர். லத்தீனில் பிரிந்து, ஆங்கிலத்துக்கு வரும்போது ஜேம்ஸ் ஆகிவிட்டது. உங்கள் வீட்டில் தெரியாமலே இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்."

ஜேம்ஸ் சார் தன் பெயரை முதல்தடவை பார்ப்பதுபோல் நோட்டில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"வேர் ஒன்று என்பதற்காக நீங்களும் அவரும் ஒரே ஆள் ஆகிவிடுவீர்களா? தேர்தல் வருகிறது. யாக்கோபு சாருடைய ஓட்டை நீங்கள் போட முடியுமா?"

"போன தரம் போட்டாரே," என்றார் அருள்தாஸ்.

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. ஆயர் சிரிப்பை இருமலாக மாற்ற முயன்று தோற்றார். ஜேம்ஸ் சார், "அவருக்குக் காய்ச்சல் அன்னிக்கு," என்று விளக்கம் சொல்லப்போய் நிலைமையை மோசமாக்கிக்கொண்டார். கதவோரத்தில் லிசி குலுங்கிக்கொண்டிருந்தார். எல்சி சிரித்தாளா என்று பார்ப்பதற்குள் அவள் முந்தானை குறுக்கே வந்துவிட்டது.

சிரிப்பு அடங்குவதற்குள் முடித்தேன். "லிசி ஒரு பெயர், எல்சி ஒரு பெயர், பெட்சி ஒரு பெயர். ஒரே மரம்; தனித்தனிக் கிளை. எல்சி என்று வாசித்தது செல்லும். ஆட்சேபணையில் நியாயம் இல்லை."

"அதை எழுப்பினவர் என்ன சொல்றார்?" என்றார் ஆயர்.

"தோற்றுவிட்டார். வாபஸ் வாங்குகிறார்."

எல்சி மறுபடி எழுந்தாள். "இங்க சொன்னா போதாதுங்க ஐயா. எந்திரிச்ச எடத்துலயே எந்திரிச்சு சொல்லணும்."

"ஆராதனை முறைமையில அதுக்கு இடமில்லையேம்மா," என்றார் ஆயர்.

"ஆட்சேபணைக்கு இடம் இருந்துதே."

ஆயர் யோசித்தார். தேநீர் வந்தது.

மூன்றாவது ஞாயிறு கோயிலில் கிறிஸ்துமஸுக்கு வருகிற அளவு கூட்டம். மற்ற சபைகளிலிருந்துகூட வந்திருந்தார்கள் என்பது என் கணிப்பு. நான் அதே நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் அண்ணன். மறுபக்கம் வேண்டுமென்றே வந்து உட்கார்ந்த அருள்தாஸ். ஆயர் ஓலையை வாசித்தார். தடை பற்றிக் கேட்டார். நிறுத்தினார். இந்தத் தடவை யாரும் செருமவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். "போன வாரம் இதே இடத்தில் நான் சொன்ன ஆட்சேபணை தவறானது. மணமகளிடம் எந்தக் குறையும் இல்லை. என் புத்தியில்தான் இருந்தது. எல்சி என்பது முழுமையான, அழகான பெயர்." அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய சபை எனக்கு இனி எப்போது கிடைக்கும்? "ஸ்காட்லாந்தில் எல்ஸ்பெத் என்று வழங்கிய…"

என் சட்டையின் பின்புறத்தை ஒரு கை பிடித்து இழுத்தது. "போதும், உக்காருங்க மாப்பிள்ளை," என்றார் அருள்தாஸ்.

மாப்பிள்ளை. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதற்கு மேலானது இல்லை. உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஆரம்பித்த சிரிப்பு கோயில் முழுக்கப் பரவியது. எல்சி இந்தத் தடவை முந்தானையைத் தேடவில்லை.

திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. கல்யாண ஆராதனையில் அந்தக் கேள்வியை இன்னொரு தடவையும் கேட்பார்கள் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. ஆயர் கேட்டபோது பக்கத்தில் நின்றவள், முன்னால் பார்த்தபடியே, "வாயைத் தொறந்தீங்க…" என்றாள். மனைவியாக அவள் எனக்குச் சொன்ன முதல் சொல் அது. (மனைவியாவதற்குச் சில நிமிஷம் முன்பே சொல்லிவிட்டாள் என்று திருத்திக்கொள்கிறேன்.)

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும், ஆயர் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாருக்குக் காரணம் தெரியாமல், பெண்ணின் அப்பாவுக்கே சம்மதமில்லையோ என்று கலங்கிப்போனார்கள். பெட்சியின் கணவர் தன் ஓலை வாசித்த மூன்று வாரமும் எனக்கு வெளியூரில் வேலை இருக்கும்படி பார்த்துக்கொண்டார். இன்றும் வீட்டில் யாராவது தேவையில்லாமல் வாயைத் திறந்தால், "ஸ்காட்லாந்துக்குப் போகாதே" என்பார்கள்.

ஓய்வு பெற்றபின் அந்த டாக்டரம்மாவைப் பற்றி முழு விவரமும் எழுதிவைக்க ஆசைப்பட்டு, அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் வேலை பார்த்த ஒரு நர்ஸைப் படப்பையில் தேடிப்பிடித்தேன். வயதானவர், நினைவு பரவாயில்லை. டாக்டரம்மாவின் பெயர் எலிசபெத் இல்லை என்றார்; வேறு ஏதோ பெயர், வாயில் வரவில்லை. எலிசபெத் என்பது ஆஸ்பத்திரி வளாகத்தில் அந்த அம்மா வளர்த்த பசுமாடு என்றும், சாயங்காலமானால் வராந்தாவில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார் என்றும், அங்கே காத்திருந்தவர்கள் காதில் விழுந்ததெல்லாம் அந்தப் பேர்தான் என்றும் சொன்னார். இதற்கு இரண்டாவது சாட்சி இதுவரை கிடைக்கவில்லை. ஆகவே, உறுதி செய்யப்படாதது என்றே இங்கே பதிவு செய்கிறேன். மூன்று எலிசபெத்துகளுக்கும் இன்னும் தெரிவிக்கவில்லை.